2011 என்எஃப்எல் கதவடைப்பில் நியாயம் யார் பக்கம்?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் 2011-ல் அணி முதலாளிகளும் வீரர்களும் மோதியது கோடீஸ்வரர்களுக்குள் நடந்த பங்குச் சண்டைதானே? வெறும் விளையாட்டுக்கு ரசிகர்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்? அதற்கு நடுவில் டிராஃப்ட் மட்டும் எப்படி நடந்தது?

பதில்:

நியாயம் வீரர்கள் பக்கம்தான் இருந்தது. ஆனால் அந்தச் சண்டையில் அதிகம் இழந்தவர்கள், பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலியே இல்லாத இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். கல்லூரி முடித்து வருகிற வீரர்களை அணிகள் வரிசைப்படி பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முறைதான் டிராஃப்ட். அதைத் தொடாமல் இதை விளக்க முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்போது நான் வட கரோலினாவில் சார்லட் நகரில், ஒரு வங்கிக்கு ஒப்பந்த முறையில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளூர் அணி கரோலினா பாந்தர்ஸ். 2010 சீசனில் 16 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, லீக்கிலேயே கடைசி இடம். கடைசியாக வந்த அணிக்குத்தான் டிராஃப்டில் முதல் தேர்வு. அதனால் ஊரே ஏப்ரல் மாதத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் மார்ச் 12-ஆம் தேதி கதவைச் சாத்திவிட்டார்கள்.

இதை வேலைநிறுத்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலைநிறுத்தம் நடந்தது 1982-லும் 1987-லும். 1982-ல் 57 நாள் நீடித்து, சீசனே 9 ஆட்டங்களாகச் சுருங்கியது. 1987-ல் முதலாளிகள் வெளியாட்களைப் பிடித்து வந்து, சட்டையை மாட்டிவிட்டு மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். போராட்டம் பிசுபிசுத்துப் போனது. 2011-ல் வீரர்கள் ஆடத் தயாராகத்தான் இருந்தார்கள். மைதானத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பூட்டியது முதலாளிகள்.

எதற்குப் பூட்டினார்கள்? லீக்கின் ஆண்டு வருமானம் அப்போது ஏறக்குறைய 900 கோடி டாலர். அதில் 100 கோடியைச் செலவுக்கென்று முதலாளிகள் முதலிலேயே எடுத்துக்கொள்வார்கள். மீதியில் சுமார் 60 விழுக்காடு வீரர்களுக்கு. 2006-ல் போட்ட ஒப்பந்தம் இது. இரண்டே வருடத்தில், 2008-ல், அதிலிருந்து வெளியேறுவதென்று முதலாளிகள் ஒருமனதாக முடிவெடுத்துவிட்டார்கள். மேலும் 100 கோடி வேண்டும், சீசனை 18 ஆட்டமாக்க வேண்டும் என்றார்கள். அரங்கக் கடன் ஏறிவிட்டது, லாபம் குறைகிறது என்பது அவர்கள் வாதம். அப்படியானால் கணக்கைக் காட்டுங்கள் என்றது வீரர்கள் சங்கம். கேட்டபடி கணக்கு வரவில்லை. 32 அணிகளில் வரவு செலவு வெளியே தெரிந்தது கிரீன் பே பாக்கர்ஸுக்கு மட்டும்தான். அதன் பங்குதாரர்கள் பொதுமக்கள். அதன் செயல்பாட்டு லாபம் ஒரே ஆண்டில் 2 கோடி டாலரிலிருந்து 98 லட்சமாகக் குறைந்திருந்தது உண்மை. ஆனால் ஒரு அணியின் கணக்கைக் காட்டி மற்ற 31 அணிகளின் கஷ்டத்தை நம்பச் சொன்னால் எப்படி?

இன்னொன்றும் வெளியே வந்தது. ஆட்டம் நடக்காவிட்டாலும் தங்களுக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும்படி, தொலைக்காட்சி நிறுவனங்களோடு சுமார் 400 கோடி டாலருக்கு முதலாளிகள் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். இரு தரப்புக்குமாக வருமானத்தைப் பெருக்க வேண்டிய லீக் தன் பக்கத்துக்கு மட்டும் காப்புத் தேடிக்கொண்டது என்று மினசோட்டாவில் நீதிபதி டேவிட் டோட்டி மார்ச் 1-ஆம் தேதி தீர்ப்பளித்தார். இதைப் படித்த பிறகும் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் எங்கள் ஊரில் பலர் அப்படித்தான் சொன்னார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. சார்லட் வங்கிகளின் ஊர். 2008-ல் வாக்கோவியா வங்கி கவிழ்ந்து வெல்ஸ் ஃபார்கோ கைக்குப் போனது. வேலை இழந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். அவர்களிடம் போய் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்காக வருத்தப்படு என்றால் வருத்தப்படுவார்களா?

மதியச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்காருகிறவர் காஸ்டோனியாக்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் குடும்பமே பஞ்சாலைக் குடும்பம். 1929-ல் லோரே மில் வேலைநிறுத்தம் நடந்த ஊர் அது. ஆனாலும் சங்கம் என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது. பாந்தர்ஸ் அரங்கம் கட்டியபோது சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்கே தனியாகப் பணம் கட்டியவர் அவர். டிக்கெட் விலை அதற்கு மேல். அரங்கத்தின் கணிசமான செலவை அப்படி ரசிகர்களிடமிருந்துதான் திரட்டினார்கள். அவருக்கு இரண்டு தரப்பு மேலும் ஆத்திரம். ஆனால் வீரர்களைப் பற்றிப் பேசும்போது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: சம்பளம் பத்தவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொண்டு போகட்டுமே.

அந்த இடத்தில்தான் நான் அவரோடு முட்டினேன். டிராஃப்டில் தேர்வாகிறவனால் முடியாத ஒரே காரியம் அதுதான். சிகாகோவில் அம்மா இருக்கிறார், அங்கே ஆடுகிறேன் என்று அவன் சொல்ல முடியாது. எந்த அணி பெயரைக் கூப்பிடுகிறதோ அங்கேதான் போக வேண்டும். ஐபிஎல் ஏலத்திலாவது நாலு அணிகள் போட்டி போட்டு விலையை ஏற்றும். இங்கே அந்தப் போட்டியே வராமல் தடுப்பதற்குத்தான் டிராஃப்ட். அன்றைக்கு நான் எச்1பி விசாவில் இருந்தவன். வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமென்றால் அந்த நிறுவனம் எனக்காகப் புதிதாக மனுப் போட வேண்டும். அது நடக்கும்வரை வாயைத் திறக்க யோசித்த நாட்கள் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டைக்கூட நான் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன், முயன்றால் மாறவும் முடிந்தது. கல்லூரி முடித்து வருகிற பையனுக்கு அதே தொழிலில் மாற்று முதலாளி என்று ஒருவரும் இல்லை.

டிராஃப்ட் யோசனை பிலடெல்பியா ஈகிள்ஸ் முதலாளி பெர்ட் பெல்லுடையது. 1936-ல் முதல் டிராஃப்ட் நடந்தது. பலவீனமான அணி முதலில் தேர்ந்தெடுக்கட்டும், அப்போதுதான் எல்லா ஊரும் ஒருநாள் ஜெயிக்கும் என்பது அதன் நல்ல முகம். அதை நான் மறுக்கவில்லை. பாந்தர்ஸ் மாதிரி சின்ன ஊர் அணியின் ரசிகனாக அதில் நானும் பலன் கண்டவன். ஆனால் சம்பளத்தைக் கட்டுக்குள் வைப்பதும் அதன் வேலை. வாஷிங்டன் அணி 1968-ல் தேர்ந்தெடுத்த யாசூ ஸ்மித் முதல் சீசனிலேயே கழுத்தில் அடிபட்டு ஆட்டத்தை விட்டவர். அணிகளைப் போட்டி போட விட்டிருந்தால் இன்னும் நல்ல ஒப்பந்தம் கிடைத்திருக்கும் என்று வழக்குப் போட்டார். அன்றிருந்த டிராஃப்ட் முறை, தொழிலில் போட்டியைத் தடுப்பதற்கு எதிரான சட்டத்துக்கு விரோதம் என்று 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. பிறகு எப்படி இன்றும் நடக்கிறது? சங்கம் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால் அந்தச் சட்டம் குறுக்கே வராது. அவ்வளவுதான்.

சங்கத்தில் ஓட்டுப் போடுவது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்கள். வரப்போகிறவனுக்கு ஓட்டு இல்லை. 2004-ல் மாரிஸ் கிளாரெட் என்ற இளைஞர், வயது வரம்பைத் தளர்த்தி என்னை டிராஃப்டில் சேருங்கள் என்று கேட்டுப்போய்த் தோற்றார். தீர்ப்பை எழுதியவர் பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமயோர். இன்னும் உள்ளே வராதவனையும் சங்கத்தின் பேரம் கட்டுப்படுத்தும் என்பது அதன் சாரம். சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

2011-ல் சங்கம் தன்னையே கலைத்துக்கொண்டது, போட்டியைத் தடுப்பதற்கு எதிரான அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தத்தான். சங்கம் இல்லையென்றால் லீக்குக்குப் பாதுகாப்பும் இல்லை. டாம் பிரேடி, பேட்டன் மேனிங், டுரூ பிரீஸ் போன்ற நட்சத்திர வீரர்கள் உட்படப் பத்துப் பேர் லீக்கின் மேல் வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் அதுவரை ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாத வான் மில்லர். புதிதாக வருகிறவர்கள் சார்பாக அவர் பெயரைச் சேர்த்திருந்தார்கள்.

பழைய ஒப்பந்தத்திலேயே 2011 டிராஃப்டுக்கு இடம் இருந்ததால் அது மட்டும் நின்றுபோகவில்லை. ஏப்ரல் 28, நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கம். லீக்கின் ஆணையர் ராஜர் குடெல் மேடைக்கு வந்ததுமே அரங்கம் அதிர ஊளைச் சத்தம். எங்களுக்குக் கால்பந்து வேண்டும் என்று கூட்டம் கோஷம் போட்டது. முதல் பெயர் கேம் நியூட்டன், எங்கள் பாந்தர்ஸுக்கு. இரண்டாவது வான் மில்லர், டென்வருக்கு. குடெல் தலைமை தாங்கும் லீக்கின் மேல் வழக்குப் போட்ட அந்தப் பையன், கண்ணீரோடு மேடையேறி அதே குடெலைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நண்பர்கள் அதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். எனக்கு அவன்மேல் ஒரு குறையும் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து உடம்பைத் தேய்த்து உழைத்ததற்குக் கிடைத்த ஒரே வாசல் அது. அதைத் திறப்பவரும் பூட்டியிருப்பவரும் ஒருவரே என்றால் அவன் என்ன செய்வான்?

அந்த வாரமே ஒரு விசித்திரம் நடந்தது. 25-ஆம் தேதி நீதிபதி சூசன் நெல்சன் கதவடைப்பை நிறுத்தச் சொன்னார். 29-ஆம் தேதி மேல் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. இடையில் கொஞ்ச நேரம் கதவு திறந்திருந்தபோது நியூட்டன் கையில் அணியின் ஆட்டத்திட்டப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. கோடை முழுவதும் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் அதை வைத்தே படித்தார். செப்டம்பரில் அரிசோனாவில் முதல் ஆட்டத்திலேயே பந்தெறிந்தே அணியை மொத்தம் 422 கெஜம் முன்னேற வைத்தார். ஆட்டத்தில் தோற்றோம், ஆனாலும் மறுநாள் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை.

டிராஃப்டில் பெயர் வராதவர்கள் கதை இதைவிட மோசம். சாதாரண ஆண்டில் டிராஃப்ட் முடிந்த அன்றே அணிகள் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து ஒப்பந்தம் பேசும். 2011-ல் யாரும் யாரோடும் பேசக்கூடாது. ஏறக்குறைய மூன்று மாதம் வேலையும் இல்லை, வேலை வருமா என்ற தகவலும் இல்லை. கிறிஸ் ஹாரிஸ் ஜூனியர், டக் பால்ட்வின் இருவரும் அப்படிக் காத்திருந்துதான் உள்ளே வந்து நட்சத்திரமானார்கள். அந்த மாதங்களில் மனம் தளர்ந்து வேறு பிழைப்புக்குப் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியப்போவதில்லை.

ஜூலை 25-ஆம் தேதி சமரசம். மொத்த வருமானத்தில் வீரர்களுக்குக் குறைந்தது 47 விழுக்காடு, பத்து வருட ஒப்பந்தம். 18 ஆட்டம் தள்ளிப்போனது. ஒரே நாளில் இரண்டு முழுப் பயிற்சி என்பது ஒழிந்தது. இது உண்மையான வெற்றி. 1993-க்கு முன் ஓய்வுபெற்ற பழைய வீரர்களுக்கு 62 கோடி டாலர் ஒதுக்கினார்கள், அதுவும் நல்லதே. ஆனால் புதியவர்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். 2010-ல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதிப்பணம், அதாவது என்ன ஆனாலும் கிடைக்கும் தொகை, மட்டும் 5 கோடி டாலர். அடுத்த ஆண்டு அதே முதல் தேர்வு நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு மொத்தமே 2.2 கோடி. மூன்று சீசன் முடியும்வரை யாரும் மறுபேரம் பேசவும் முடியாது.

இதை வரவேற்காத ரசிகர் அரிது. ஓக்லாந்து அணி 2007-ல் ஜமார்கஸ் ரஸ்ஸலுக்குச் சுமார் 3.2 கோடி டாலர் உறுதிப்பணம் கொடுத்து, மூன்று வருடத்தில் வெளியே அனுப்பியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆடிக் காட்டாதவனுக்கு ஏன் அவ்வளவு என்று காஸ்டோனியாக்காரரும் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆடிக் காட்டியவனுக்கு என்ன கிடைத்தது? அதே 2011-ல் ஐந்தாவது சுற்றில் வந்த ரிச்சர்ட் ஷெர்மன், லீக்கின் தலைசிறந்த தடுப்பாளர் என்று பெயர் எடுத்த பிறகும், குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகைக்கே மூன்று சீசன் ஆடினார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக்குகளுக்கு இன்னும் கொடுமை. அவர்கள் உடம்பின் நல்ல காலம் அந்த மலிவு ஒப்பந்தத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

வெறும் விளையாட்டுத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். சீசன் நடக்காவிட்டால் குற்றங்கள் பெருகும் என்று பால்டிமோர் வீரர் ரே லூயிஸ் அந்த மே மாதம் சொன்னார். அது மிகை என்றே நினைக்கிறேன். ஆனால் ஆடுகிறவனுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. சிகாகோவில் ஆடிய டேவ் டுவர்சன் 2011 பிப்ரவரியில் இறந்தபோது, தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார். திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு அவருக்கு இருந்ததென்று, கதவடைப்பு நடந்துகொண்டிருந்த மே மாதத்தில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இன்னும் இரண்டு ஆட்டம் கூட்டலாமா என்று முதலாளிகள் கேட்டுக்கொண்டிருந்த அதே மாதங்கள். அரங்க வாசலில் வண்டி நிறுத்துமிடம் பார்க்கிறவர், உள்ளே தின்பண்டம் விற்கிறவர் ஆகியோருக்கும் அது விளையாட்டு இல்லை. ஆட்டம் நடந்தால்தான் அவர்களுக்குக் கூலி. ஊருக்கும் இல்லை. 2013-ல் அரங்கத்தைப் புதுப்பிக்க சார்லட் மாநகராட்சி வரிப்பணத்திலிருந்து 8.75 கோடி டாலர் கொடுத்தது. ரசிகன் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவன் என்றால் அவனிடம் எதற்கு வசூல்?

2020-ல் புதிய ஒப்பந்தத்துக்கு வீரர்கள் ஓட்டுப் போட்டபோது 1,019-க்கு 959 என்ற கணக்கில்தான் அது தேறியது. 17-வது ஆட்டம் அதன் வழியாகத்தான் வந்தது. அந்த ஒப்பந்தம் 2030 சீசன் வரை ஓடும். 18 ஆட்டம் பற்றிய பேச்சு இப்போதே மறுபடி கிளம்பிவிட்டது. அடுத்த பேரம் தொடங்கும்போது, யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வேன். இன்று பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் சார்பில் யாராவது ஒருவர் அந்த மேசையில் இருக்கிறாரா என்றுதான் முதலில் தேடுவேன்.