அத்தை கையிலிருந்த துணி

கேள்வி: ஏழு வயதில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். விரல்கள் மழுங்கிய கையால் முறுக்கை நீட்டினார். அலறிப்போய் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன். காபி டம்ளரைத் துணி சுற்றித்தான் பிடிப்பார். நோய் நமக்கு ஒட்டாமல் இருக்கத்தான் என்பார் அம்மா. அதோடு போக்குவரத்து நின்றது. வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து சாப்பிட்டு எப்போதோ குணமாகிவிட்டாராம். இப்போது என் மகளுக்குக் கல்யாணம். அழைத்தால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்களோ? எனக்கும் அந்தப் பயம் போகவில்லை. (பெயர் வேண்டாம், சித்தூர்)

பதில்: ஏழு வயதுப் பிள்ளை அலறியதில் தப்பே இல்லை. அந்த வயதில் நான் பூம்பூம் மாட்டுக்கே அலறியவன். ஆனால் அப்புறம் இத்தனை வருடம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தது அந்தப் பிள்ளை இல்லையே.

முதலில் அந்தத் துணி. தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்கும். கையில் சூடு, வலி எதுவும் உறைக்காது. கொதிக்கிற டம்ளரை வெறுங்கையால் பிடித்தால் கொப்புளம் கிளம்புவதுகூடத் தெரியாது. அதே கையோடு பாத்திரம் தேய்த்து, புண்ணாகி, அது எலும்புவரை போய்த்தான் விரல் குறுகும். அதனால்தான் துணி சுற்றிப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். அத்தை காப்பாற்றியது தன் கையை. நாத்தனாரிடம் உங்கள் அம்மாவுக்கு வேறு கணக்கு இருந்ததோ என்னவோ, அதற்குள் நான் போகவில்லை.

குணமானவரிடமிருந்து நோய் தொற்றாது. போன விரல் மட்டும் திரும்பாது. ஆறிய தீத்தழும்பைத் தொட்டால் சுடுமா? இன்றைக்கு இந்த நோய்க்கு அதிகம் போனால் 12 மாத மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். விவாகரத்துக்குத் தொழுநோயை ஒரு காரணமாக வைத்திருந்த சட்டத்தையே 2019இல் நாடாளுமன்றம் திருத்திவிட்டது. உங்கள் வீட்டில்தான் இன்னும் திருத்தவில்லை.

சம்பந்தியைக் கேட்டீர்களா? கேட்காமலே பழியை அவர்கள் தலையில் போடுகிறீர்கள். சரி, உங்கள் கல்யாணத்துக்காவது அத்தையை அழைத்தார்களா? கடிதத்தில் அதைக் காணோம்.

பத்திரிகையைத் தபாலில் போடாதீர்கள். தாம்பூலத் தட்டோடு, மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். காபி கொடுப்பார், குடியுங்கள். முறுக்கு இருந்தால் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பழைய பாக்கி.