புது மண்டோர் ஆட்களிடம் கேள்வி கேட்டால் மதிப்புக் குறையுமா?

கேள்வி: மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (ஆட்களை மேய்க்கும் கண்காணியாக) சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. என்கீழ் பழம் வெட்டுபவர்கள் 18 பேர். இந்தோனேசியர், வங்காளதேசிகள், என்னைவிட வயதில் மூத்த இரண்டு தமிழ் அண்ணன்கள். காய்க்குலை, அதாவது பழுக்காத குலை, அதிகம் வருகிறது என்று ஆலையில் புகார். துரை (தோட்ட நிர்வாகி) என்னை ஏசுகிறார். ஆட்களிடம் ஏன் என்று கேட்டால் "ஓக்கே பாஸ்" என்பதோடு சரி. திரும்பத் திரும்பக் கேட்டால் இவனுக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ?

பதில்: கேளுங்கள். கேட்காத மண்டோருக்கு எது நடக்கிறதென்றே தெரியாமல் போகும். ஆனால் நீங்கள் இப்போது கேட்பது அவர்கள் காதில் விசாரணையாக விழுகிறது. வேலைக்கு முன் ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் "ஏன் இவ்வளவு காய்?" என்றால், பதில் சொல்பவர் பக்கத்தில் நிற்பவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லை தன்னையே காட்டிக்கொடுக்க வேண்டும். காய்க்குலைக்குக் கூலியில் பிடித்தம் செய்யும் தோட்டமாக இருந்தால் உண்மை பேசியவருக்குப் பணமும் போகும். வெட்டிய டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற மனிதர் அங்கே வேறென்ன சொல்வார்?

நீங்கள் குளுவாங்கில் இருப்பதால் உங்கள் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்த நாட்டில் செம்பனைப் பூவுக்கு ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது, இங்கே அது போதவில்லை என்பதுதான் அப்போதைய பாடம். லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி அதற்குமுன் ஆப்பிரிக்காவின் கேமரூனில் வேலை பார்த்தவர். அங்கே யாரும் தூவாமலே குலை நன்றாகப் பிடிப்பதைக் கண்ணால் கண்டவர். ஒரே மரம், அங்கே ஒரு விதம், இங்கே ஒரு விதம், ஏன்? இந்தக் கேள்வியை அவர் பல ஆண்டுகள் விடவில்லை. பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். ஆண் பூவில் மொய்க்கும் ஒரு சின்னக் கூன்வண்டுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று காட்டினார். மற்றப் பயிர்களுக்கு அது கேடு செய்யாது என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் குளுவாங் பாமோல் தோட்டத்தில் அந்த வண்டை விட்டார்கள். கையால் தூவும் வேலை அதன்பின் தேவைப்படவில்லை. இன்று உங்கள் ஆட்கள் வெட்டுகிற குலைகள் அந்த வண்டின் வழி வந்த வண்டுகள் செய்த வேலை.

டேவிட்சனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் கேட்ட விதத்தை. இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்கும் அதுதான் வழி. ஆளை விட்டுவிட்டு இடத்தைப் பற்றிக் கேளுங்கள்.

முதலில் ஒரு வாரம் வாய் திறக்காமல் எண்ணுங்கள். குலை அடுக்கும் மேடையில், ஒவ்வொரு காட்டிலிருந்தும் (தோட்டத்தின் எண்ணிட்ட பகுதியிலிருந்தும்) வருகிற குலைகளில் 100 எடுத்துப் பாருங்கள். பழுத்த குலை என்றால் செம்மஞ்சள் நிறம், பழம் உதிர்ந்த புதுக் குழி குறைந்தது 10 இருக்க வேண்டும். கருமையாக, ஒரு குழிகூட இல்லாமல் இருந்தால் காய். காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அதையும் குறியுங்கள். நோட்டில் காட்டின் எண், தேதி, கணக்கு மட்டும் போதும். பெயர் எழுத வேண்டாம். பெயர் எழுதுவதை ஒருவர் பார்த்தால் மாலைக்குள் ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரிந்துவிடும், பிறகு காய்க்குலைகள் மேடைக்கே வராமல் மட்டைக்கு அடியில் போய்விடும்.

வார முடிவில் 4ஆம் காட்டில் நூற்றுக்கு 3 காய், 9ஆம் காட்டில் 11 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போதுதான் உங்கள் கையில் கேட்கத்தக்க கேள்வி இருக்கிறது.

அதைப் பெரட்டில் கேட்காதீர்கள். முதல் லோடு ஏறியதும் ஆட்கள் தேத்தண்ணீர் குடிக்க உட்காரும் நேரம், 9ஆம் காட்டு மர நிரையிலேயே (வரிசையிலேயே), ஒருவரிடம் அல்லது இரண்டு பேரிடம். நீங்களும் உட்காருங்கள். "ஏன்" என்று தொடங்க வேண்டாம். தமிழிலும் சரி, மலாயில் "கெனாப்பா" என்றாலும் சரி, மேலே இருப்பவர் வாயில் அது அதட்டலாகத்தான் ஒலிக்கும். "எப்படி", "மாச்சாம் மானா" என்று தொடங்குங்கள். அதைவிட நல்லது செய்து காட்டச் சொல்வது: "அண்ணே, இந்த மரத்துல எந்தக் குலைய வெட்டுவீங்க, எத விடுவீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்." கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். புது மண்டோர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மௌனம் தாங்காமல் "அருவா சரியில்லையா?" என்று தாங்களே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அவரும் "ஆமா பாஸ்" என்பார். நீங்கள் அருவாளை மாற்றுவீர்கள், காய் குறையாது.

பொறுமையாகக் கேட்டால் என்னென்ன வெளியே வரலாம் என்பதைப் பாருங்கள். மரம் உயரம், கழிக்குக் கீழே நின்று பார்த்தால் குலையின் நிறம் தெரிவதில்லை. மரத்தைச் சுற்றியுள்ள அடிவட்டத்தில் புல் மண்டிவிட்டதால் உதிரிப் பழம் விழுந்ததே கண்ணில் படுவதில்லை, குத்துமதிப்பாக வெட்டுகிறார்கள். புதிதாக வந்தவருக்குப் பத்துக் குழிக் கணக்கை யாருமே காட்டவில்லை. இன்னொன்று, நிர்வாகத்துக்குக் கடைசியாகத்தான் எட்டும்: வெட்டுச் சுற்று, அதாவது அதே மரத்துக்கு மறுபடி வெட்ட வரும் முறை, 10 முதல் 14 நாளுக்குள் திரும்பி வர வேண்டும். ஆள் பற்றாக்குறையாலோ மழையாலோ அது 20 நாளாக நீண்டால், இன்று விட்ட குலை அடுத்த முறை வரும்போது அழுகிக் கிடக்கும் என்பது வெட்டுபவருக்குத் தெரியும். அதனால் அரைப்பழமாக இருக்கும்போதே வெட்டிவிடுகிறார். அவர் கணக்கில் அது நியாயம். அவருக்கு அபராதம் போட்டு இதைத் தீர்க்க முடியாது. சுற்றைச் சுருக்கினால்தான் தீரும்.

மூத்த அண்ணன்கள் இருவரையும் முதலில் கேளுங்கள், ஆனால் தனித்தனியாக. அவர்கள் கைப்பழக்கத்தில் இருக்கும் அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. "உங்களுக்குத்தான் தெரியும்" என்று புகழ்ந்து ஆரம்பிக்காதீர்கள். நிரையில் கூட நடந்து, கேட்டதை அவர் கண்முன்னே நோட்டில் எழுதுங்கள். அந்த மரியாதை போதும். விடை தெரிந்த கேள்வியைப் பரீட்சை வைப்பதுபோல் கேட்டால் மட்டும் அன்றோடு அவர் உங்களிடம் பேச்சை நிறுத்திவிடுவார்.

கேட்டதற்கு அடுத்த சுற்றுக்குள் ஒரு பதிலாவது திரும்பப் போக வேண்டும். 9ஆம் காட்டு அடிவட்டத்துக்கு மருந்தடிக்க ஏற்பாடு செய்தால், பெரட்டில் சொல்லுங்கள். முடியவில்லை என்றாலும் "கேட்டேன், இந்த மாதம் ஆள் இல்லை என்றார்கள்" என்று சொல்லுங்கள். எல்லாரிடமும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிற மண்டோரைவிடக் கேட்காத மண்டோரே மேல் என்று ஆட்கள் நினைப்பார்கள், அதில் தவறில்லை.

சில இடங்களில் கேள்விக்கு வேலை இல்லை. உயர் மின்கம்பிக்குக் கீழே அலுமினியக் கழியைத் தூக்குபவரைப் பார்த்தால் "எப்படி வெட்டுவீங்க" என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. இறக்கச் சொல்லி உத்தரவிடுங்கள். தலைக்கவசம், அருவாள் உறை, ஓடும் டிராக்டர் எல்லாம் அப்படித்தான்.

துரையிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள். நீங்கள் இப்படிக் கேட்க ஆரம்பித்த முதல் மாதம் குறைகள் கூடுவதுபோல் தெரியும். அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக நடத்தப்படும் பிரிவுகளில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டார். அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கொடுத்த விளக்கம். இதைத் துரைக்குச் சொல்லாவிட்டால், கூடிய குறைகளைப் பார்த்து உங்கள்மேல் பாய்வார், நீங்கள் ஆட்கள்மேல் பாய்வீர்கள், எல்லாம் பழையபடி மூடிக்கொள்ளும்.

அவரிடம் போகும்போது புகாராகக் கொண்டுபோகாதீர்கள். நோட்டைத் திறந்து, "4ஆம் காட்டில் சுற்று 12 நாள், காய் 3. 9ஆம் காட்டில் சுற்று 19 நாள், காய் 11. அடுத்த இரண்டு சுற்றுக்கு 9க்கு இரண்டு ஆள் கூட்டிக் கொடுங்கள், மறுபடியும் எண்ணிக் காட்டுகிறேன்" என்று கேளுங்கள். ஆள் கிடைத்தால், அதே மேடையில், அதே 100 குலைக் கணக்கில் எண்ணுங்கள். காய் குறையவில்லை என்றால் சுற்று காரணமில்லை என்று தெரிந்துவிடும். அடிவட்டத்தையும் புது ஆட்களின் பயிற்சியையும் அடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.