ஒரே புற்றுநோய்க் கட்டி, இரு நாடுகளில் இரு வேறு நிலையா?

ஒரு நாட்டில் இரண்டாம் நிலை என்று சொன்ன புற்றுநோயை இன்னொரு நாட்டு மருத்துவர் மூன்றாம் நிலை என்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். புற்றுநோயின் நிலையை வகுக்கும் விதிகளின் ஒரே பதிப்பை இருவரும் பின்பற்றினால் அப்படி நடக்கக் கூடாது.

பிரான்ஸ் மருத்துவர் பியர் தெனுவா 1943 முதல் 1952 வரை உருவாக்கிய டி.என்.எம். முறைதான் அடிப்படை. 'டி' கட்டியையும், 'என்' நிணநீர்க் கணுக்களையும், 'எம்' தொலை உறுப்புகளுக்குப் பரவியதையும் குறிக்கும். ஜெனீவாவில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியமும் புற்றுநோய்க்கான அமெரிக்கக் கூட்டுக் குழுவும் முதலில் தனித்தனி விதிகளை வைத்திருந்தன. 1987-இல்தான் அந்த விதிகள் ஒன்றாயின. இந்த இணக்கம் மிகப் பெரிய சாதனை என்பேன். அது இல்லாவிட்டால் ஒரு நாட்டின் சிகிச்சைப் பலனை இன்னொரு நாட்டோடு ஒப்பிடவே முடியாது.

ஆனால் பதிப்பு மாறினால் நிலையும் மாறலாம். நுரையீரலில் 6 சென்டிமீட்டர் கட்டி, அதே பக்க நுரையீரல் வாயிலிலுள்ள கணுக்களுக்கு மட்டும் பரவியிருக்கிறது என்று வையுங்கள். ஏழாம் பதிப்பின்படி அது 2பி, அதாவது இரண்டாம் நிலையின் ஓர் உட்பிரிவு. எட்டாம் பதிப்பில் 3ஏ, அதாவது மூன்றாம் நிலை! நோய் ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை. 16 நாடுகளிலிருந்து திரட்டிய 94,708 நோயாளிகளின் தரவை ஆராய்ந்தபோது, 5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிகள் கருதியதைவிட ஆபத்தானவை என்று தெரிந்தது. அதனால் எல்லைக்கோட்டை நகர்த்தினார்கள்.

எனவே இரண்டாவது மருத்துவரிடம் போகும்போது நிலை எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். டி, என், எம் குறியீடுகளும் பதிப்பு எண்ணும் உள்ள அறிக்கையைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.