‘குரெரு’ எப்போது, ‘அகெரு’ எப்போது?

கேள்வி: ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போவதற்காக ஜப்பானிய மொழி படிக்கிறேன். ‘அகெரு’, ‘குரெரு’ இரண்டுக்கும் நோட்டில் ‘கொடு’ என்றே எழுதி வைத்திருக்கிறேன், பரீட்சையில் ஒன்றுக்கு ஒன்று மாறிப்போகிறது. என்னதான் வித்தியாசம்?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ‘குரெரு’வுக்கு எதிரே இருக்கிற ‘கொடு’வை அடித்துவிட்டு ‘தா’ என்று எழுதுங்கள் தங்கச்சி, பாதிச் சிக்கல் அதோடு தீரும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், இதற்கு விதியே இருக்கிறது: தருவதும் வருவதும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு. அதாவது பொருள் எனக்கோ உனக்கோ வந்தால் தா, மூன்றாம் ஆளுக்குப் போனால் கொடு. எழுத்துத் தமிழில் இது மங்கிவிட்டது, மலையாளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது, நம்ம ஊர்ப் பேச்சிலும் ‘நாளைக்குத் தாரேன்’, ‘அவன்ட்ட குடுத்துரு’ என்று காதில் விழத்தான் செய்கிறது.

ஜப்பானியத்தில் என் பக்கம் வருவது குரெரு. ‘தொமொதச்சி க ஹொன் ஒ குரெமஷித’ என்றால் நண்பர் எனக்குப் புத்தகம் தந்தார். ‘எனக்கு’ என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், வினையே சொல்லிவிடும். என் வீட்டு ஆட்களும் இந்த ‘எனக்கு’க்குள் வருவார்கள், அதனால் பக்கத்து வீட்டு அக்கா உங்கள் தம்பிக்குப் பேனா கொடுத்தாலும் குரெருதான்.

தமிழர்கள் தடுக்கி விழுகிற இடம் ‘நான் உனக்குத் தாரேன்’. நமக்கு அது தா, அவர்களுக்கு அகெரு, ஏனென்றால் பொருள் என்னை விட்டுப் போகிறது. (‘மொராவ்’ வாங்குகிறவர் பக்கமிருந்து சொல்வது, அதில் அவ்வளவு குழப்பம் வராது.)

பரீட்சையை விட உங்கள் வேலைக்கு முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு பாட்டியின் பையைத் தூக்கும்போது, ‘தூக்கித் தாரேன்’ என்று நினைத்துக்கொண்டு ‘மொத்தெ அகெமஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள். தமிழில் அன்பாக இருக்கிற அதே பேச்சு அங்கே பெரியவர்களிடம் உபகாரத்தைச் சொல்லிக் காட்டுவதுபோல் ஆகிவிடும். பணிவாக, ‘தூக்கிக்கொள்கிறேன்’ என்கிற பொருளில் ‘ஒமொச்சி ஷிமஸ்’ என்று சொல்லுங்கள். பிறர் உங்களுக்கு உதவினால் மட்டும் குரெருவை விடவே கூடாது: ‘ஒஷியெதெ குரெமஷித’, சொல்லித் தந்தார். அந்த நன்றி முழுக்கக் குரெருவில்தான் இருக்கிறது, அது இல்லாவிட்டால் பேச்சு வெட்டென்று நிற்கும். சொல்லித் தந்தவர் ஆசிரியர் என்றால் ‘ஒஷியெதெ குதசைமஷித’, இது மரியாதை வடிவமான குதசருவிலிருந்து வருவது. முதல் வகுப்பிலேயே படித்திருப்பீர்களே, ‘தாருங்கள்’ என்று கேட்கிற ‘குதசாய்’, அதுவும் இதன் ஏவல்தான்.