பேருக்குப் பொருளாளர்

அன்புள்ள ஐயா,

கோவையில் இணையப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறேன். எங்கள் துறையினர் நடத்தும் லாப நோக்கமற்ற சங்கத்தில் என்னைப் பொருளாளராக இருக்கச் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது. “பேருக்குத்தான், வருடத்துக்கு நாலு கையெழுத்து” என்கிறார் தலைவர். எனக்குக் கணக்கு வராது. நீங்கள் இதேபோன்ற ஒரு சங்கத்தில் பொருளாளராக இருந்தவர். ஒப்புக்கொள்ளலாமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

“பேருக்குத்தான்” என்று சொல்லித்தான் என்னையும் உட்காரவைத்தார்கள். ஆறு வருடம் எழுந்திருக்க முடியவில்லை. கணக்கு வராதது ஒரு குறையே அல்ல, அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். சிநேகிதர்களிடம் “ரசீது எங்கே?” என்று கேட்க வாய் வர வேண்டும், அதுதான் கஷ்டம். நூற்று எண்பது ரூபாய்த் தேநீருக்குத் துண்டுச் சீட்டு கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஒருமுறை கருத்தரங்குக்கு இரண்டு நாள் முன்பு தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மண்டபத்துக்கு 48,000 ரூபாய் பாக்கி, புதிய வங்கிக் கணக்கு எண் இது, கூட்டத்தில் இருக்கிறேன், போன் வேண்டாம், உடனே அனுப்புங்கள். மண்டபம் உண்மை, பாக்கியும் உண்மை. நான் மளமளவென்று பதிந்துவிட்டேன். ஆனால் எங்கள் கணக்கில் ஒருவர் பதிந்து, இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் பணம் போகும். செயலாளர் பஸ்ஸில் இருந்தார். ஒப்புதல் தருவதற்கு முன், வேண்டாம் என்று சொல்லியிருந்தும், தலைவருக்கே போன் போட்டார். தலைவர் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்திருக்கிறது. அன்றிரவு எங்கள் நிபுணர்கள் அனைவரும் கூடி அந்த மின்னஞ்சலை அக்கக்காகப் பிரித்தார்கள். அவர்களுக்குத் திருவிழா. எனக்குக் கை நடுக்கம் நிற்க நள்ளிரவாயிற்று.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து 8.1 கோடி டாலர் திருடப்பட்டு மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு 2 கோடி டாலர் இலங்கையில் ஒரு தொண்டு அமைப்பின் பெயருக்குப் போய்க்கொண்டிருந்தது. திருடர்கள் ‘ஃபவுண்டேஷன்’ என்பதை ‘ஃபேண்டேஷன்’ என்று எழுதியிருந்தார்கள். வழியில் இருந்த ஒரு வங்கி இது என்ன என்று கேட்டது, பணம் நின்றது. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள், அவர்களுக்கே அது தெரியாவிட்டாலும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை எல்லாம் பழகிவிடும். வெளிநாட்டு நன்கொடையில் மட்டும் விளையாடாதீர்கள். உங்கள் துறையில் ஏதாவது அமெரிக்க நிறுவனம் ஆசையோடு கொடுக்க வரும். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொடக் கூடாது. அனுமதி இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். தலைவர் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார். பார்க்க வேண்டியவர் நீங்கள்.

ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன், வங்கியில் பதிவாகியிருக்கும் கைபேசி எண் யாருடையது என்று கேளுங்கள். எங்கள் சங்கத்தில் அது முந்தைய பொருளாளருடையது. அவர் டொராண்டோவுக்குக் குடிபோயிருந்தார். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஊர் ஊராக வகுப்பெடுத்த நாங்கள், எட்டு மாதம் அவரை நடு இரவில் எழுப்பி ஓடிபி கேட்டுக்கொண்டிருந்தோம்.