ஒருவருக்கு அபராதம், இன்னொருவருக்கு அறிவுரை: காவலரின் விருப்புரிமை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஒரே தப்பு. எனக்கு அபராதம், பின்னால் வந்தவருக்கு எச்சரிக்கை மட்டும். எப்படி?

குற்றம் பெரிதென்றால் காவலருக்கு யோசிக்க இடமே குறைவு. சின்னத் தப்பில்தான் மற்றதெல்லாம் உள்ளே நுழையும்: ஷிப்ட் முடிய எவ்வளவு நேரம், எத்தனை காகிதம் எழுத வேண்டும், மேலதிகாரி இந்த வாரம் எதைக் கேட்கிறார். நீங்கள் சிக்கியது அந்த நேரத்தில்.

கேள்வி: பணிவாகப் பேசினால் விட்டுவிடுவார்களா?

ஓரளவுக்கு. 1966இல் பாஸ்டன், சிகாகோ, வாஷிங்டன் ரோந்துக் காவலர்களோடு ஆட்களை அனுப்பிக் கவனித்தார்கள். அதை வைத்து அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்ட் பிளாக் 1971இல் எழுதினார்: எதிர்த்துப் பேசியவர் கைதாகும் வாய்ப்பு அதிகம். பிறகு ஒரு மறுப்பும் வந்தது. திமிர் என்று கணக்கில் சேர்த்ததில் காவலரை அடித்ததும் அடக்கம். அது தனிக் குற்றமாயிற்றே! நியாயமான மறுப்புதான்.

ஆனால் பிளாக் சொன்ன இன்னொன்றை யாரும் கண்டுகொள்வதில்லை: புகார் கொடுத்தவர் என்ன கேட்கிறார் என்பது. நானே பணியில் பார்த்திருக்கிறேன். உதடு கிழிந்து ரத்தம் வழிய நின்றவர், "கேஸ் வேண்டாம் சார், மிரட்டி மட்டும் விடுங்க, என் தம்பிதான்" என்றார். எடுத்த பேனாவை மூடிவிட்டேன்.

கேள்வி: குடும்ப வன்முறையில் அப்படி விடலாமா? கைதைக் கட்டாயமாக்கினால் என்ன?

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1981-82இல் சோதித்தே பார்த்தார்கள். கைதா, அறிவுரையா, அடித்தவரை எட்டு மணி நேரம் வெளியே அனுப்புவதா என்பதைக் காவலர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில் அடுக்கிக் கொடுத்த படிவங்களில் மேலே இருந்ததன் நிறம் முடிவு செய்தது. கைதானவர்கள் மறுபடி அடித்தது குறைவு. உடனே பல மாநிலங்கள் கைதுக்குச் சாதகமாகச் சட்டத்தை மாற்றின. அப்புறம் வேறு நகரங்களில் செய்தபோது முடிவு ஒத்துவரவில்லை. சில இடங்களில் வேலையில்லாதவரைக் கைது செய்ததும் அடி கூடியது. அதனால் ஒரே விதி எல்லாருக்கும் சரிவரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: தோல் நிறம்?

பங்கு உண்டு. அமெரிக்காவில் சுமார் 10 கோடி வாகன நிறுத்தங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். இருட்டி முகம் தெரியாமல் போனதும், நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தது.

கேள்வி: விட்டதற்குக் கணக்கு இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. கைது செய்தால் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், நீதிபதி கேள்வி கேட்பார். நான் பேனாவை மூடிய அந்த இரவுக்கு எங்கும் ஒரு வரி கிடையாது.