ஆரி வேலையும் நாற்பது வயதுக் கண்ணும்

கேள்வி: எனக்கு வயது 43. வீட்டிலேயே ஆரி பிரேம் போட்டு ரவிக்கைகளுக்கு வேலைப்பாடு செய்து தருகிறேன். சில மாதங்களாக மாலை நேரத்தில் ஊசி முனையும் ஜரிகை இழையும் மங்கலாகத் தெரிகின்றன; தலைவலியும் வருகிறது. கண்ணாடி போட ஆரம்பித்தால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்கிறார்கள். வேலையை விட்டுவிட வேண்டியதுதானா?
- வாசகி, ஈரோடு

பதில்: விட வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது வெள்ளெழுத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயது ஏற ஏற நெகிழ்வை இழப்பதால், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் அளவுக்கு அதனால் குவிய முடிவதில்லை. ஊசி பிடித்தவர், பிடிக்காதவர் என்ற வேறுபாடின்றி நாற்பதையொட்டி எல்லோருக்கும் இது வருகிறது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பவர் கூடத்தான் செய்யும். கண்ணாடி போடாவிட்டாலும் அது கூடும், தலைவலிதான் மிச்சம்.

பரிசோதனைக்குப் போகுமுன், பிரேம் முன்னால் வழக்கம்போல் அமர்ந்துகொண்டு, உங்கள் கண்ணுக்கும் ஊசி இறங்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை இஞ்ச் டேப்பால் அளக்கச் செய்து குறித்துக்கொள்ளுங்கள். படிப்பதற்கான கண்ணாடியைப் பெரும்பாலும் 40 செ.மீ. தூரத்துக்குப் பார்த்தே எழுதித் தருகிறார்கள். நீங்களோ 30 செ.மீ. வரை குனிந்துவிடக்கூடும். 40 செ.மீ.யில் பார்க்க 2.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) குவிதிறன் போதும் என்றால், 30 செ.மீ.க்கு ஏறத்தாழ 3.3 டயாப்டர் தேவை. செய்தித்தாள் தெளிவாகத் தெரியும் கண்ணாடியில் ஊசி முனை தெரியாமல் போவது இதனால்தான். ஆகவே தூரத்தைச் சொல்லியே கண்ணாடி கேளுங்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒன்றாக வரும் புரோகிரசிவ் கண்ணாடியில் கிட்டப் பார்க்கும் பகுதி கீழே குறுகலாக இருக்குமாதலால், மணிக்கணக்கில் குனிந்து செய்யும் வேலைக்கு ஒரே பவர் கொண்ட தனிக் கண்ணாடியே வசதி. கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடியில் இரு கண்ணுக்கும் ஒரே பவர்தான். கருவிழியின் வளைவு சீராக இல்லாதவர்களுக்குத் தேவைப்படும் சிலிண்டர் பவரும் இராது.

விளக்கு, வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் கையின் நிழலே ஊசியை மறைக்கும். பல்பு நேராகக் கண்ணில் படாதபடி மூடி போட்ட மேசை விளக்கு நல்லது, ஏனெனில் ஜர்க்கன் கல்லும் ஜரிகையும் ஒளியைத் திருப்பிக் கண்ணில் அடிக்கும். கறுப்புத் துணி வேலையைப் பகலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்து, கண் உலர்ந்து உறுத்துகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, 20 அடிக்கு அப்பால் இருப்பதை 20 விநாடி பார்த்து, நன்றாகச் சிமிட்டுங்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். உறுத்துகிறதே என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், நாளடைவில் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பே கெடலாம். இதில் மட்டும் அலட்சியம் கூடாது.

கண் மருத்துவரிடம் கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால், அது கட்டுக்குள் வந்தபிறகு பவர் பாருங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறுவதால், அவசரப்பட்டு வாங்கிய கண்ணாடி சில வாரங்களிலேயே பொருந்தாமல் போகும்.